அனுப்புநர் யார்? – ஜான் போஸ்டெல் வாழ்வும் பணியும்

கடிதம் எழுதக் கற்றுத்தரும் ஆசிரியர் மாணவனை முதலில் இரண்டு சொற்களை எழுதச் சொல்கிறார். ஒன்று அனுப்புநர், மற்றொன்று பெறுநர். பெறுநர் முகவரி பிழையாக இருந்தால் கடிதம் போய்ச் சேராது. அனுப்புநர் முகவரி பொய்யாக இருந்தாலோ கடிதம் செவ்வனே போய்ச் சேர்ந்துவிடும்; வாங்கியவர்தாம் ஏமாறுவார். அஞ்சல் என்னும் ஏற்பாடு தோன்றிய நாள்முதல் இருந்துவரும் இக்குறை மின்னஞ்சலிலும் தொடர்ந்தது. வங்கியின் பெயரிலும், பல்கலைக்கழகத்தின் பெயரிலும், ஏன், நம் துறைத் தலைவரின் பெயரிலும்கூட எங்கோ இருக்கும் ஒருவன் நமக்கு மடல் விடுத்து ஆள்மாறாட்டம் செய்ய முடிகிறது. இஃது எப்படி நேர்ந்தது? இதைத் தடுக்க வழி உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

அவர் பெயர் ஜான் போஸ்டெல். மின்னஞ்சல் உலகெங்கும் செல்வதற்கான விதியை வகுத்துத் தந்தவர் அவரே. இணையத்தின் பெயர்களையும் எண்களையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் கண்போல் காத்தவரும் அவரே. அவர் வகுத்த அஞ்சல் விதியில் அனுப்புநரைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லை. ஆனால் அவர் மேற்பார்வையில் உருவான பெயர்ப் பதிவேடு பிற்காலத்தில் அக்குறைக்கு மருந்தாக அமைந்தது. அந்தக் கதையை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

ஜோனதன் புரூஸ் போஸ்டெல் 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அல்டடீனா என்னும் ஊரில் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னாளில் இணையத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்பெற்ற வின்டன் செர்ஃபும், அவர் நண்பர் ஸ்டீவ் குரோக்கரும் அதே பள்ளியின் மாணவர்களே. ஒரே பள்ளியில் பயின்ற மூவர் பின்னர் ஒரே பணியில் தோள்கொடுத்து நின்றது தற்செயலாக நேர்ந்ததுதான். ஆயினும் இத்தகைய நட்பும், அதிலிருந்து பிறந்த நம்பிக்கையும், அவர்கள் கட்டிய வலையின் அமைப்பிலேயே படிந்துவிட்டன.

லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966-இல் இளநிலைப் பட்டமும் 1968-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1974-இல் கணிப்பொறியியலில் முனைவரானார். அவர் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியுடன் ஆர்பாநெட் என்னும் கணிப்பொறி வலை தொடங்கப்பெற்றது. அதன் முதல் இணைப்பு நிலையம் அவர் படித்த பல்கலைக்கழகமே. 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக்கு முதல் செய்தி சென்றது. பேராசிரியர் லியனார்டு கிளெயின்ராக் தலைமையில் அந்த ஆய்வகத்தில் பணிபுரிந்த மாணவர் குழுவில் போஸ்டெலும் ஒருவர்.

நீண்ட தாடி, காலில் தோற்செருப்பு, மென்மையான குரல், விடுமுறை கிடைத்தால் முதுகில் மூட்டையுடன் மலைநடை. இதுவே அவருடைய தோற்றமும் பழக்கமும். பதவியையோ பட்டத்தையோ அவர் நாடியதில்லை. ஆனால் எவரும் விரும்பி ஏற்காத ஒரு வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். அதுதான் கணக்கு எழுதும் வேலை.

கணக்கெழுதியவர்

1969 ஏப்ரலில் ஸ்டீவ் குரோக்கர், வலையின் விதிகளைப் பற்றிய எண்ணங்களை எழுதி அனைவருக்கும் அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கினார். ஆணை என்றோ சட்டம் என்றோ பெயரிட்டால் பிறர் வாய்திறக்கத் தயங்குவர் என்று கருதி, கருத்துக் கோரும் குறிப்பு என்று பொருள்படும் அடக்கமான பெயரை அவற்றுக்கு இட்டார். ஆர்.எஃப்.சி. என்பது அதன் சுருக்கம். இக்குறிப்புகளைத் தொகுத்து, திருத்தி, எண்ணிட்டு வெளியிடும் பதிப்பாசிரியர் பொறுப்பு விரைவில் போஸ்டெலிடம் வந்தது. இறக்கும்வரை அப்பணியை அவர் விடவில்லை. தாமே எழுதியும் பிறருடன் சேர்ந்து எழுதியும் 200-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அளித்தார்.

வலையில் ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் வேண்டும். இருவர் ஒரே எண்ணை வேறு வேறு பணிக்குப் பயன்படுத்தினால் குழப்பம் விளையும். ஆகவே எண்களை ஒதுக்கித் தர ஒருவர் வேண்டும் என்று 1972 மே மாதக் குறிப்பு ஒன்றில் போஸ்டெல் எழுதினார்; அந்த ஒருவராகத் தாமே ஆனார். 1977-இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். மரீனா டெல் ரே என்னும் கடற்கரைப் பகுதியிலிருந்த அந்நிறுவனத்தில், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் அம்மையாரின் துணையுடன் எண்களின் பேரேட்டைக் காத்துவந்தார். ஐயானா என்ற பெயரில் பின்னர் உலகறிந்த அமைப்பு, உண்மையில் இவ்விருவரும் வேறு சிலரும் அடங்கிய சின்னஞ்சிறு அலுவலகமே.

அஞ்சல் விதி

1971-இல் ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். பயனர் பெயருக்கும் கணிப்பொறியின் பெயருக்கும் இடையில் சுழிக் குறியை இட்டவரும் அவரே. அடுத்த பத்தாண்டுகளில் மடல்கள், கோப்புகளை அனுப்பும் விதியின் முதுகில் ஏறியே பயணம் செய்தன. மடலுக்கெனத் தனி விதி வேண்டும் என்ற நிலை வந்தபோது, 1982 ஆகஸ்டில் போஸ்டெல் எஸ்.எம்.டி.பி. என்னும் எளிய அஞ்சல் விதியை 821-ஆம் குறிப்பாக வெளியிட்டார்.

அவ்விதி உண்மையிலேயே எளியது. இரண்டு அஞ்சற்காரர்கள் தெருமுனையில் சந்தித்துப் பேசுவது போன்றது. அனுப்பும் கணிப்பொறி முதலில் தன் பெயரைச் சொல்கிறது. பிறகு மடலை அனுப்புபவர் இன்னார் என்கிறது. பின்னர்ப் பெறுபவர் இன்னார் என்கிறது. இறுதியில் மடலை ஒப்படைக்கிறது. வாங்கும் கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் சரி என்று தலையசைக்கிறது. இவ்வளவே. இவையெல்லாம் உறையின்மேல் எழுதப்படும் செய்திகள். மடலின் உள்ளேயும் அனுப்புநர் என்று ஒரு வரி உண்டு. நம் கண்ணுக்குத் தெரிவது அதுதான். உறைமேல் உள்ள பெயரும் உள்ளே உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டில் எதையும் எவரும் சோதிப்பதும் இல்லை. சொன்ன பெயரை அப்படியே ஏற்பதுதான் அந்த விதியின் இயல்பு.

இக்குறை அக்காலத்தவர்க்குத் தெரியாதா? தெரியும். 1974 ஜூலையில் வெளிவந்த 644-ஆம் குறிப்பு, வலைவழி மடலில் கையொப்பத்தின் மெய்ம்மையை எங்ஙனம் உறுதிசெய்வது என்ற சிக்கலையே பொருளாகக் கொண்டது. 1975 நவம்பரில் போஸ்டெல் தாமே எழுதிய 706-ஆம் குறிப்பு, வேண்டாத மடல்களைப் பற்றியது. தொல்லை தரும் கணிப்பொறியிலிருந்து வருவதை மறுக்கும் வசதி வாங்கும் கணிப்பொறிக்கு இல்லையே என்ற கவலையை அதில் அவர் பதிவு செய்தார்.

தெரிந்தும் ஏன் விட்டார்? அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தால் விளங்கும். 1982-இல் அவ்வலையில் இருந்தவை ஏறத்தாழ 200 கணிப்பொறிகள். ஒவ்வொன்றும் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ ஆய்வகத்துக்கோ அரசுக்கோ உரியது. பொறுப்பாளர்கள் பலர் ஒருவரையொருவர் முகமறிந்தவர்கள். பொய்ப்பெயரில் மடல் விடுத்தவன் அகப்பட்டால் தொலைபேசியில் ஒரு சொல் போதும். பொதுச்சாவி முறையில் கையொப்பமிடும் கலையோ 1970-களின் பிற்பகுதியில்தான் பிறந்தது. மடல்தோறும் அக்கணக்கைப் போடுவது அன்றைய கணிப்பொறிகளுக்குப் பெருஞ்சுமை. அனைத்துக்கும் மேலாகப் போஸ்டெலுக்கு ஒரு கொள்கை இருந்தது. அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்பது அது. 1980-இல் வலையின் அடிப்படை விதிகளை எழுதியபோதே அதைப் பதித்துவைத்தார். பல வகைக் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசி வலை வளர்ந்ததற்கு அந்தத் தாராளம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. பிழையோடு வருவதைப் பொறுக்கச் சொன்ன கொள்கை அது. வஞ்சனையோடு வருவதை எண்ணி எழுதப்பட்டதன்று. ஆனால் தாராளமாகத் திறந்த வாயிலில் இரண்டும் நுழைந்தன.

பெயர்ப் பதிவேடு

அக்காலத்தில் வலையிலிருந்த கணிப்பொறிகளின் பெயர்களெல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையம் காத்துவந்த அப்பட்டியலை எல்லாரும் நகலெடுத்துக்கொள்வர். வலை வளர வளரப் பட்டியல் தாங்கவில்லை. மாற்றுவழி காணும் பணியைப் போஸ்டெல் தம் நிறுவனத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ் என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தார். 1983-இல் ஆள்களப் பெயர் முறை பிறந்தது. டொமைன் என்று நாம் வழங்குவது இதனையே. ஒரே பட்டியலுக்குப் பதிலாக மரம்போல் கிளைத்த பதிவேடு. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளர். அவரவர் பெயரைப் பற்றி அவரவரே உலகுக்கு அறிவிக்கலாம். இதுவே அதன் சிறப்பு.

1984 அக்டோபரில் போஸ்டெலும் ரெனால்ட்ஸும் எழுதிய 920-ஆம் குறிப்பு, காம், எடு, கவ், மில், ஆர்க் ஆகிய தலைப்பெயர்களை முறைப்படுத்தியது. நாடுகளுக்கும் தனிப்பெயர் வந்தது. எது நாடு, எது நாடன்று என்று முடிவுசெய்வது தம் வேலையன்று என்று கருதிய போஸ்டெல், உலகத் தர அமைப்பின் ஈரெழுத்துப் பட்டியலையே எடுத்துக்கொண்டார். நம் நாட்டுக்குரிய இன் என்னும் பெயர் 1989-இல் பதிவாயிற்று. 1994-இல் எழுதிய 1591-ஆம் குறிப்பில், பெயரைக் காப்பவர் அதன் உடைமையாளர் அல்லர், மக்களுக்குப் பொறுப்பான அறங்காவலரே என்ற கருத்தை நிலைநாட்டினார்.

இப்பதிவேட்டைப் பற்றி ஒரு சிறு செய்தியை நினைவில் வைக்கவேண்டும். 1987-இல் மொக்கபெட்ரிஸ் முறையைத் திருத்தி எழுதியபோது, பெயரோடு எந்த உரையையும் எழுதிவைக்கும் ஒரு கட்டத்தையும் வைத்தார். கணக்கு ஏட்டின் ஓரத்தில் குறிப்பு எழுத விட்ட இடம்போன்றது அது. ஒருநாள் அந்த இடம்தான் உலக அஞ்சலைக் காக்கப் போகிறது.

ஒரு மடலின் வலிமை

1990-களில் வலை வணிகர்க்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. முகமறிந்தோர் சிற்றூராக இருந்தது முகமறியாதார் பெருநகராயிற்று. வேண்டாத விளம்பர மடல்கள் வெள்ளமாயின. பிறர் பெயரில் மடல் விடுத்துக் கடவுச்சொல்லையும் பணத்தையும் பறிப்போர் பெருகினர். பெயர்களுக்குக் கட்டணம் வந்தது. அவற்றை ஆளும் உரிமை யாருக்கு என்ற பூசலும் எழுந்தது.

அப்பூசலின் உச்சத்தில் போஸ்டெல் வாழ்வின் மிகப் பரபரப்பான நிகழ்ச்சி நடந்தது. பெயர் மரத்தின் வேரைத் தாங்கும் கணிப்பொறிகள், மூலப்பட்டியலை அமெரிக்க அரசின் ஒப்பந்தம் பெற்ற ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து பெற்றுவந்தன. 1998 ஜனவரி 28-ஆம் நாள், அரசின் நேரடி ஆளுகையில் இல்லாத எட்டுக் கணிப்பொறிகளின் பொறுப்பாளர்களுக்குப் போஸ்டெல் ஒரு மின்னஞ்சல் விடுத்தார். இனிப் பட்டியலை ஐயானாவின் கணிப்பொறியிலிருந்து பெறுமாறு அதில் கேட்டுக்கொண்டார். அவர்களும் அவ்வாறே செய்தனர். ஒரே மடலில் இணையத்தின் வேர் இரண்டாகப் பிரிந்தது. பயனர் எவருக்கும் இடையூறு நேரவில்லை. இரு பட்டியல்களும் ஒன்றாகவே இருந்தன. ஆயினும் வெள்ளை மாளிகை அதிர்ந்தது. அரசின் ஆலோசகர் ஐரா மகசைனர் தலையிட்டார். இஃது ஒரு சோதனையே என்று போஸ்டெல் விளக்கமளித்து, ஒரு வாரத்துக்குள் பழைய நிலையை மீட்டார்.

அவர் செய்தது சரியா தவறா என்பதில் இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. நம் பொருளுக்கு வேண்டியது வேறு. எந்த அதிகாரப் பத்திரமும் இன்றி, ஒரு மனிதரின் பெயரைத் தாங்கிய மின்னஞ்சலே உலகின் பெயர்ப் பதிவேட்டைத் திசைதிருப்பப் போதுமானதாக இருந்தது. அந்தப் பெயருக்கு முப்பதாண்டு நேர்மை முத்திரையாக இருந்தது. இது போஸ்டெலின் பெருமை. அவருடைய அஞ்சல் விதியோ, அந்தப் பெயரை எவர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள விட்டிருந்தது. இது அவர் கட்டிய உலகின் ஆபத்து. பெருமையும் ஆபத்தும் ஒரே மடலில் அடங்கியிருந்தன.

மறைவு

தனிமனிதர் ஒருவரின் தோளில் இருந்த சுமையை ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கவேண்டும் என்று போஸ்டெலும் விரும்பினார். 1998 செப்டம்பரில் ஐகான் என்னும் அமைப்பு பதிவாயிற்று. அது நடைபோடுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் 1998 அக்டோபர் 16-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. பள்ளித் தோழர் செர்ஃப் எழுதிய இரங்கலுரை, போஸ்டெல் ஆயுள் முழுதும் திருத்திய அதே குறிப்பு வரிசையில் 2468-ஆம் எண்ணுடன் வெளிவந்தது. இணையக் கழகம் அவர் பெயரால் 1999 முதல் விருது வழங்குகிறது.

குறைக்கு வந்த மருந்து

போஸ்டெல் மறைந்தபின் அவருடைய அஞ்சல் விதியை எடுத்தெறிந்துவிட்டுப் புதியது வகுக்கலாமே என்று எண்ணியோர் உண்டு. ஆனால் உலகமே பயன்படுத்தும் விதியை ஒரே நாளில் மாற்ற இயலுமா? ஆகவே பொறியாளர்கள் விதியைத் தொடாமல், பெயர்ப் பதிவேட்டின் ஓரத்தில் இருந்த அந்த உரைக் கட்டத்தை நாடினர். மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

முதலாவது எஸ்.பி.எஃப். 2006-இல் குறிப்பாக வெளிவந்து 2014-இல் திருத்தம் பெற்றது. எங்கள் பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற கணிப்பொறிகள் இவை என்று ஒரு நிறுவனம் தன் ஆள்களப் பெயரின்கீழ்ப் பட்டியல் எழுதிவைக்கிறது. மடல் வந்ததும், வாங்கும் கணிப்பொறி, உறைமேல் உள்ள பெயருக்குரிய பட்டியலைப் புரட்டி, கொண்டுவந்த கணிப்பொறியின் எண் அதில் உண்டா என்று பார்க்கிறது. நுழைவாயிற் காவலர் கையிலுள்ள பெயர்ப்பட்டியல் போன்றது இது. ஆனால் ஒருவர் தமக்கு வந்த மடலை வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால், கொண்டுவரும் கணிப்பொறி மாறிவிடும்; மெய்யான மடலும் தோற்றுவிடும். உள்ளே எழுதிய பெயரையும் இது பார்ப்பதில்லை.

இரண்டாவது டி-கிம். யாஹூ, சிஸ்கோ நிறுவனங்களின் தனித்தனி முயற்சிகள் இணைந்து 2007-இல் உருவானது. அனுப்பும் நிறுவனம் தன்னிடமுள்ள மறைச்சாவியால் மடலுக்குக் கையொப்பம் இடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவியைப் பதிவேட்டில் வைக்கிறது. கையொப்பத்துக்கு உட்பட்ட பகுதியில் வழியில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. மாறாமல் வரும் மடல் எத்தனை கைமாறி வந்தாலும் தேறிவிடும். ஆயினும் ஒருவன் தன் சொந்தப் பெயரில் செவ்வையாகக் கையொப்பமிட்டு, உள்ளே வங்கியின் பெயரை எழுதினால் இதுவும் தனித்துத் தடுக்காது.

அந்தச் சந்தை அடைத்தது மூன்றாவதான டி-மார்க். 2012-இல் அறிவிக்கப்பட்டு 2015-இல் குறிப்பாயிற்று. நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயர், முன்சொன்ன இரண்டு சோதனைகளுள் ஒன்றிலாவது தேறிய பெயரோடு பொருந்தவேண்டும் என்கிறது இது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் பெயருக்குரியவரே எழுதிவைக்கலாம். ஒன்றும் செய்யவேண்டா, ஒதுக்கிவை, ஏற்காதே என்னும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தம் பெயரில் யார் யார் மடல் விடுத்தனர் என்ற அறிக்கையும் பிற கணிப்பொறிகளிடமிருந்து அவருக்கு வந்துசேரும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் பெருந்தொகையாக மடல் அனுப்புவோர் இம்மூன்றையும் கடைப்பிடிக்கவேண்டும் என்று விதித்தன. ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5000 மடல்களுக்குமேல் அனுப்புவோரைக் கூகுள் இவ்வகையில் சேர்க்கிறது.

இவற்றிலும் ஓர் எல்லை உண்டு. மடல் அந்தப் பெயரிலிருந்துதான் வந்தது என்று இவை சொல்லும். அந்தப் பெயருக்குரியவர் நல்லவர் என்று சொல்லா. ஓரெழுத்து மாற்றிய போலிப்பெயரைப் பதிவுசெய்து, மூன்று சோதனைகளிலும் தேறி வரும் வஞ்சகனும் உண்டு. ஒருவரின் கடவுச்சொல்லைத் திருடி அவர் கணக்கிலிருந்தே எழுதுபவனையும் இவை அடையாளம் காட்டமாட்டா. ஆகவே பெயரைப் பொறி சோதித்தபின், பொருளை நாம் சோதிக்கும் கடமை நீங்குவதில்லை.

நாம் கொள்ளவேண்டியது

போஸ்டெல் நம்பிக்கையின்மேல் ஓர் உலகைக் கட்டினார். நம்பியது பிழையென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வாயிலிலும் பூட்டிட்டிருந்தால், அந்த வலை இருநூறு கணிப்பொறிகளோடு நின்றுபோயிருக்கவும் கூடும். நம்பிக்கையால் வளர்ந்த ஒன்றை, வளர்ந்தபின் காப்பது அடுத்த தலைமுறையின் பொறுப்பு. அப்பொறுப்பை நிறைவேற்ற வேண்டிய கருவியையும் அவரே மேற்பார்த்து விட்டுச்சென்றார் என்பதுதான் எண்ணி மகிழத்தக்கது.

பெயரைக் காப்பவர் அறங்காவலர் என்றார் அவர். இஃது ஆள்களப் பெயர் வைத்திருக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும், அலுவலகத்துக்கும், கடைக்கும் பொருந்தும். தன் பெயரின்கீழ் இந்தச் சில வரிகளை எழுதிவைக்காத நிறுவனம், தன் முத்திரையைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிறது. அதை எடுத்துப் பயன்படுத்துபவன் ஏமாற்றுவது அந்நிறுவனத்தை அன்று. அதன் பெயரை நம்பிய எளிய மனிதரை. கணிப்பொறித் துறையில் பயின்று நாளை இப்பொறுப்புகளை ஏற்கவிருக்கும் நண்பர்கள் அவ்வரிகளை மறவாமல் எழுதிவைப்பார்களாயின், அதுவே ஜான் போஸ்டெலுக்குச் செய்யும் நன்றியாகும்.